பொதுக் கதவும் தனித் திறப்பும்



ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு. அது தகரப் பெட்டியாக இருக்கலாம். அலமாரியின் மேல்தட்டாக இருக்கலாம். பாட்டியின் சேலைகளுக்கு அடியில் வைத்த துணிப்பையாகவும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், வைத்தியர் எழுதித் தந்த துண்டு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அந்தப் பெட்டியின் அருமையை மலையகத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று கேட்டது. கடதாசி இருந்தவர் குடிமகன், இல்லாதவர் நாடற்றவர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது இலட்சக்கணக்கானோரின் வாழ்வு மீண்டும் கடதாசிகளின்மேல் நின்றது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. அதற்கும், அவர்கள் 1964 ஆம் ஆண்டின் அந்தத் திகதி முதல் இங்கே நிரந்தரமாக வாழ்பவர்களாகவோ அவர்களின் வழித்தோன்றல்களாகவோ இருத்தல் வேண்டும் என்பதே அடிப்படையாயிற்று. ஒரு துண்டுக் கடதாசி ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் தாங்கக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்த மக்கள் நாம்.

இன்று அந்தப் பெட்டி கணனிக்குள் குடிபுகுந்துவிட்டது. கடதாசிகள் படமெடுக்கப்பட்டுக் கோப்புகளாகிவிட்டன. தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டும் ஒரு திறப்பும் இருந்தன. கணனியில் உள்ள பெட்டிக்குப் பூட்டு எது, திறப்பு எவரிடம் இருக்கிறது என்ற கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

மாத்தளை நகரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். முன்பகுதி மிளகும் ஏலமும் கறுவாவும் விற்கும் கடை, பின்பகுதி குடியிருப்பு. கடையில் ஒரு கணனி இருக்கிறது. அதில் கொடுக்கல் வாங்கல் கணக்கு. மூத்த மகள் ஆசிரியை. அவருடைய மடிக்கணனியில் மாணவரின் புள்ளிகளும் வினாத்தாள்களும் இருக்கின்றன. உயர்தரம் படிக்கும் தம்பியிடம் ஒரு பழைய கணனி. தாயாரின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் எவருடைய தொலைபேசியிலோ கிடக்கின்றன. இவர்கள் ஒருவர் வைத்திருக்கும் கோப்பை மற்றவர் பார்க்க வேண்டிய தேவை நாள்தோறும் எழுகிறது. என்ன செய்கிறார்கள்? ஒருவர் பென் டிரைவிற் பிரதி செய்து கையிற் கொண்டு போகிறார். மற்றொருவர் அதையே மின்னஞ்சலில் அனுப்புகிறார். முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகவேண்டிய கடிதம் கடல் கடந்து வேறொரு கண்டத்தைச் சுற்றிவிட்டு வந்து சேருகிறது. மூன்றாமவர், “நமது வீடுதானே!” என்று சொல்லி, கோப்புறை முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்.

இம்மூன்றாவது வழியே நமது கவனத்துக்கு உரியது. “நமது வீடுதானே” என்னும் அந்தச் சொல்லில் ஒரு பெரும் மயக்கம் மறைந்திருக்கிறது. வீட்டின் சுவர் வேறு. வலையமைப்பின் எல்லை வேறு. இரண்டும் ஒன்றென எண்ணுவதாலேயே பல இடர்கள் விளைகின்றன.

வீட்டில் விளக்குகள் மினுங்க ஒரு சிறு கருவி இருக்கிறதே, அதை ரவுட்டர் என்கிறோம். வெளியுலக இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் வாயில் அது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணனிக்கும், தொலைபேசிக்கும், தொலைக்காட்சிக்கும் அது ஓர் உள்வீட்டு இலக்கத்தை வழங்குகிறது; பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் இலக்கம் அது. உள்ளே வந்துவிட்ட கருவிகள் ஒன்றையொன்று காணவும், ஒன்றன் கதவை மற்றொன்று தட்டவும் கூடும். உள்ளே வருவதற்கு வேண்டியது ஒரேயொரு கடவுச்சொல். அந்தச் சொல்லை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறோம்? திருவிழாவுக்கு வந்த உறவினருக்குக் கொடுத்தோம். தனிவகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. கொடுத்ததிற் குற்றமில்லை, விருந்தோம்பல் நமது பண்பு. ஆனால் வாசற் கதவைத் திறந்து விருந்தினரை வரவேற்பவர், அதே திறப்பால் அலமாரியையும் திறக்கும்படி வீட்டை அமைப்பதில்லை.

தோட்டப் பகுதிகளில் இந்த உண்மை இன்னும் தெளிவாகத் தெரியும். லயன் வீடுகளில் ஒரே சுவர் இரு குடும்பங்களுக்கும் பொது. ஒரு வீட்டில் எழும் வானொலி ஒலி அடுத்த வீட்டில் கேட்கும். வை-பை என்பதும் வானொலி அலையே. அது காம்பரா எங்கே முடிகிறது என்று பார்த்து நிற்பதில்லை. ஏழெட்டு வீடுகளைத் தாண்டியும் செல்லும். ஆகவே அலையைக் காப்பது சுவரன்று. அதற்கு இடப்படும் மறைகுறி ஒன்றே. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018 இல் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ.3 என்னும் முறை இருத்தல் வேண்டும். நீண்ட கடவுச்சொல்லும் வேண்டும். பல ரவுட்டர்களில் ‘விருந்தினர் வலையமைப்பு’ என ஒரு தனி வழி உண்டு. வருவோர் போவோருக்கு அதைக் கொடுத்துவிட்டால், அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம். நமது கணனிகளின் கதவுகளைத் தட்ட இயலாது. திண்ணையில் அமரச் செய்து தேநீர் கொடுப்பதைப் போன்றது இது.

ஆயினும் வாயிலைக் காத்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணலாகாது. இதற்கு 2017 ஆம் ஆண்டு உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணனிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கு எஸ்.எம்.பி. என்றொரு நெறிமுறை இருக்கிறது. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தால் வளர்க்கப்பட்டது அது. அதன் முதற் பதிப்பைச் செயற்படுத்திய விதத்தில் ஒரு குறை இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2017 மார்ச் மாதம் வெளியிட்டது. பலர் அதைத் தம் கணனியிற் சேர்க்கவில்லை. மே 12 ஆம் திகதி ‘வன்னக்ரை’ என்னும் தீநிரல் புறப்பட்டது. அது கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்தது. ஒரு வலையமைப்பிற் புகுந்தவுடன், எவரும் எதையும் அழுத்தாமலே, கணனிக்குக் கணனி தானாகத் தாவியது. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளிற் பரவியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. வெளிக்கதவைக் கவனித்தவர்கள் உட்கதவுகளைத் திறந்தே வைத்திருந்தமை அந்தத் தீமைக்கு வழிவிட்டது. அம்முதற் பதிப்பு புதிய விண்டோஸ்களில் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. தம்பியின் மேசையில் இருக்கும் பழைய கணனியில் அது இன்னும் விழித்திருக்கலாம். அதை நிறுத்திவிடுதல் முதற் கடமை. கணனி கேட்கும் திருத்தங்களை நாளை, நாளை என்று தள்ளிப்போடாதிருத்தல் இரண்டாவது.

இனி, பகிர்வது எவ்வாறு? மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டால் வழி தானே புலப்படும்.

முதற் கேள்வி, யாருக்கு? ‘எல்லோருக்கும்’ என்று குறிப்பதே மிகவும் எளிது. ஆதலாற்றான் பலரும் அதையே குறிக்கிறார்கள். அதை விடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கணனியில் ஒரு தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் ஏற்படுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு கோப்புறையையும் பெயர் குறித்தே பகிர வேண்டும். கடைக் கணக்கு தந்தைக்கும் மகளுக்கும். குடும்ப ஆவணங்கள் தாய் தந்தையருக்கு. படங்களும் பாட்டுகளும் யாவருக்கும். கணனி முழுவதையும் பகிராமல், இதற்கென ஒரு கோப்புறையை அமைத்து அதை மட்டும் பகிர்தல் நன்று. வீட்டு வலையமைப்பைக் கணனியில் ‘தனிப்பட்டது’ என்று குறிக்கலாம். பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ இணைக்கும்போது ‘பொது’ என்றே குறிக்க வேண்டும். அங்ஙனம் குறித்தால் அந்த இடத்திற் கணனி தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளாது.

இரண்டாம் கேள்வி, எந்த அளவுக்கு? பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. காணி உறுதியின் பிரதியைப் பிள்ளைகள் வாசிக்கலாம். அதை அழிக்கும் உரிமை அவர்களுக்கு எதற்கு? வாசிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்தால் கைதவறி அழிவதும் நேராது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கணனியிற் தீநிரல் புகுந்துவிட்டால், அந்தக் கணனியின் உரிமையாளருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அவ்வளவே தீநிரலுக்கும் கிடைக்கும். அவருக்கு மாற்றும் உரிமை இல்லாத கோப்புறையை, அவர் பெயரால் வரும் தீநிரலும் மாற்ற இயலாது.

மூன்றாம் கேள்வி, வழியில் எவரேனும் ஒட்டுக்கேட்கக் கூடுமா? பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ மறைந்திருந்து, அதன் வழியாகச் சென்ற கடவுச்சொற்களைத் திருடினர். அந்த நிகழ்ச்சிக்குப் பின் அங்கே பணியாற்றிய தாத்து இலோனென் என்பவர் 1995 ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எச். என்னும் முறையை உருவாக்கினார். இரு கணனிகள் பேசும் பேச்சு முழுவதையும் மறைமொழியாக்கி, இடையிற் கேட்பவருக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றச் செய்வது அது. அதன்வழி கோப்புகளை அனுப்பும் முறை லினக்ஸ், மக் கணனிகளில் இயல்பாகவே உண்டு, விண்டோஸிலும் பயன்படுத்தலாம். எஸ்.எம்.பி. நெறிமுறையும் 2012 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் மறைகுறியாக்கத்தைக் கற்றுக்கொண்டது. ஆனால் அதை நாமாகவே இயக்கிவைக்க வேண்டும். 2013 இல் வெளியான ‘சிங்திங்’ என்னும் இலவச நிரல் இன்னோர் எளிய வழி. இரு கருவிகளும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொண்ட பின்னரே பேசும். பேசுவது எப்பொழுதும் மறைமொழியில். கோப்பு நடுவில் எந்த நிறுவனத்தின் களஞ்சியத்திலும் தங்குவதில்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகனும் தோஹாவில் இருக்கும் மருமகனும் அதே கோப்புகளைப் பார்க்க விரும்பலாம். அதற்காக ரவுட்டரில் ஒரு துளையிட்டு, பகிர்ந்த கோப்புறையை நேரே இணையத்துக்குத் திறந்துவிடுதல் கூடவே கூடாது. திறந்த வாயில்களைத் தேடி உலகெங்கும் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் பல உண்டு. வெளியூரில் இருப்பவர் முதலில் ஒரு மறைவழியால் வீட்டு வலையமைப்பிற் சேர்ந்து, பின்னர் வீட்டாரைப் போலவே தம் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி நுழைதல் வேண்டும். அத்தகைய மறைவழியை வீ.பி.என். என்பர்.

வழியிற் காத்தாயிற்று, இருக்கும் இடத்திலும் காக்க வேண்டும். மடிக்கணனியைத் திருத்துவதற்குக் கொடுக்கும்போதோ, அது களவு போகும்போதோ, வலையமைப்பில் நாம் இட்ட கட்டுப்பாடுகள் உதவா. வட்டைக் கழற்றி வேறொரு கணனியிற் பொருத்தினால் உள்ளே இருப்பவை எல்லாம் தெரியும். ஆகவே அந்தரங்கக் கோப்புகளை வட்டிலும் மறைகுறியாக்கி வைக்க வேண்டும். விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லொக்கர் என்னும் வசதி உண்டு. இல்லாதவர்களுக்கு வெராகிரிப்ட் என்னும் இலவச நிரல் உண்டு.

இனிச் சொல்லவிருப்பது பிரதிகளைப் பற்றியது. இதற்கு மாத்தளையை விடச் சிறந்த சான்று உலகிற் கிடைப்பது அரிது. நகருக்கு வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில், யாழ்ப்பாண வீதியின் ஓரத்தில், பாறைகளுக்கிடையே அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என மக்கள் அழைக்கும் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நினைவிலேயே வாழ்ந்த திரிபிடகம் அங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டதென்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனனம் செய்தோர் மடியத் தொடங்கியபோது, ஓதும் நாவையே நம்பியிருத்தல் ஆபத்து என்று உணர்ந்து அவர்கள் எழுதினார்கள். பின்னர் 1848 ஆம் ஆண்டு மாத்தளையில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கியபோது அலுவிகாரையும் அழிவுக்குள்ளாயிற்று. அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. ஏன்? அதன் பிரதிகள் நாட்டின் வேறு விகாரைகளிலும், பர்மா, சீயம் முதலிய தேசங்களிலும் இருந்தன. ஓரிடத்தின் அழிவு நூலின் அழிவாகவில்லை.

இந்தப் பாடத்தைக் கணனிக்கும் பொருத்திப் பார்க்கலாம். இரு கணனிகளில் ஒரே கோப்பு இருப்பதை மட்டும் காப்புப் பிரதி என்று கருதிவிடுதல் தவறு. அவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்வனவாயின், ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அழியும். ஒன்றைத் தீநிரல் பூட்டினால் மற்றதிலும் பூட்டிய கோப்பே வந்து சேரும். ஆகவே எந்தக் கணனியோடும் இணைக்கப்படாத ஒரு வட்டில் ஒரு பிரதி வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, பிரதி எடுத்து, மீண்டும் கழற்றி வைக்க வேண்டும். இடியும் மின்னலும் மண்சரிவும் அறியாத ஊரல்ல நமது ஊர். ஆதலின் இன்னொரு பிரதி, மறைகுறியாக்கப்பட்டு, வேறு ஊரில் உள்ள நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் இருப்பது மேலும் நன்று. மூலக் கடதாசிகளை எறிந்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கணனிப் படம் நினைவூட்டும். பல இடங்களில் மூலத்தின் இடத்தை அது பெறாது.

இவ்வளவும் கேட்ட பெரியவர் ஒருவர், “ஒரே குடும்பத்துக்குள் பூட்டும் திறப்பும் எதற்கு? நம்பிக்கை இல்லாத வீடா இது?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் திருமணமான மகளின் வைத்திய அறிக்கையை அண்ணன் வாசிக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் மகனின் சம்பளச் சீட்டு சிறிய தம்பியின் விளையாட்டுக் கணனியில் திறந்து கிடக்க வேண்டியதில்லை. ஆசிரியையான மகளின் கணனியில் இருக்கும் மாணவரின் புள்ளிகள் அவளுடைய சொத்தே அல்ல. பிற குடும்பங்கள் அவளிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். ஒருவரின் அறைக்குள் நுழையுமுன் குரல் கொடுப்பதை நாம் அவநம்பிக்கை என்று சொல்வதில்லை. மரியாதை என்றே சொல்கிறோம். பெயர் குறித்துப் பகிர்தலும் அதே மரியாதைதான்.

சட்டமும் இந்த இடத்தில் நம்மை நம்மிடமே விட்டுவிடுகிறது. பிறர் கணனியில் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குப் பல கடமைகளை விதிக்கிறது. ஆயினும் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளுக்கு அச்சட்டம் ஏற்புடையதன்று. வங்கி நமது விவரங்களைக் காக்க வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு; வீட்டுக்குள் ஒருவர் விவரத்தை ஒருவர் காக்கும் கடமையை நாமே ஏற்க வேண்டும்.

அக்கடமையில் ஒரு பகுதி, திறப்பைக் கையளித்தல். எல்லாவற்றையும் அழகாகப் பூட்டிவைத்தவர் திடீரென நோயுற்றால், அல்லது இறந்துபோனால், மறைகுறியாக்கப்பட்ட வட்டு எவருக்கும் திறவாது. தகரப் பெட்டியின் பூட்டை உடைக்கலாம். இதை உடைக்க வழியில்லை. ஆகவே முக்கியமான கடவுச்சொற்களைக் கடதாசியில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, குடும்பத்தில் ஒருவர் அறிய மூல ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றும்போது உறையையும் மாற்றுங்கள்.

ஒரே நாளில் இவை யாவும் ஆகவேண்டும் என்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, வீட்டிலுள்ள கணனிகளில் எந்தக் கோப்புறைகள் ‘எல்லோருக்கும்’ என்று திறந்திருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையை அருகில் இருத்திக்கொண்டு பாருங்கள். அது பிள்ளைக்கும் ஒரு பாடமாகும். அந்தச் சொல்லை நீக்கி, அவ்விடத்தில் உரியவரின் பெயரை எழுதுங்கள். மற்றவற்றை அடுத்தடுத்த வாரங்களிற் பார்த்துக்கொள்ளலாம்.